ஒரே கம்ப்யூட்டரில் மூன்று காவல்காரர்கள்

வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். முதல் வாரத்திலேயே உங்களிடம் ஒரு கேள்வி வரும். வேலையை முடித்துப் பையை மூடும்போது, நீங்கள் குடித்து முடித்த காபி டம்ளரை வாங்கிக்கொண்டே கேட்பார்கள்: "காசு குடுக்காம நல்ல ஆன்ட்டிவைரஸ் எது சார்? ஒண்ணு சொல்லுங்க, போட்டுக்கறோம்." உங்கள் வாயில் ஒரு பெயர் தயாராக இருக்கும். அதைச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று தோன்றும். சொல்லாதீர்கள். மூடிய பையை மறுபடி திறந்து உட்காருங்கள்.

நான் அம்பத்தூரிலிருந்து திருநின்றவூர் வரை ரயில் பாதையின் இரண்டு பக்கமும் இந்த வேலைக்காக ஏறி இறங்கியவன். எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவன் என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஒரு வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் நான் முதலில் செய்வது, திரையின் வலது மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் குட்டிப் படங்களை எண்ணுவது. எத்தனை மென்பொருள்கள் அந்த வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பது அதில் ஓரளவு தெரிந்துவிடும். ஐந்துக்குள் இருந்தால் எனக்கு நிம்மதி. பட்டாபிராமில் கலாவதி வீட்டில் பதினான்கு இருந்தன.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நடந்தது இது. ஒரு சனிக்கிழமை மதியம் போன் வந்தது.

"சார், கம்ப்யூட்டர்ல தமிழ் வர மாட்டேங்குது. என்ன அடிச்சாலும் இங்கிலீஷாவே விழுது. திங்கக்கிழமைக்குள்ள ஒரு பத்திரம் அடிச்சுக் குடுக்கணும். இன்னைக்கே வர முடியுமா?"

கலாவதி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கணவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்காததால் பட்டாபிராமில் மாடியில் ஒரு போர்ஷன் எடுத்துக் குடியிருந்தார்கள். கலாவதி ஊரில் இருந்தபோதே தமிழ்த் தட்டச்சில் லோயர், ஹையர் இரண்டு பரீட்சையும் எழுதித் தேறியவர். திருநின்றவூரில் பத்திரம் எழுதும் ஏகாம்பரம் என்பவர் கைப்பட எழுதிய வரைவுகளைக் கொடுத்தனுப்புவார். இவர் வீட்டிலிருந்தே அடித்துக் கொடுப்பார். கலாவதிக்கு இருந்த வேலை அது ஒன்றுதான். அந்த வேலை கிடைப்பதற்காக அவர் எத்தனை கடைப் படிகள் ஏறி இறங்கினார் என்பதைப் பிறகு சொன்னார்.

நான் போனபோது கணவர் ஷிஃப்டில் இருந்தார். பக்கத்துப் போர்ஷனில் குடியிருக்கும் டில்லிபாபு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார். ஆவடி மார்க்கெட்டில் செல்போன் கடை வைத்திருப்பவர். உதவி என்று கேட்டால் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்து வருகிற மனிதர். அந்த மாடியில் இருக்கிற எல்லா வீட்டு டிவி, போன், கம்ப்யூட்டருக்கும் அவர்தான் வைத்தியர்.

"வாங்க அண்ணாத்தே. நானும் ரெண்டு மணி நேரமா பாத்துகினு கீறேன். மெசின் நல்லாத்தான் கீது. தமிழ்தான் பேஜார் பண்ணுது" என்று நாற்காலியை விட்டு எழுந்தார்.

நான் உட்கார்ந்து எண்ணினேன். பதினான்கு படங்களில் மூன்று ஆன்ட்டிவைரஸ். ஒன்று கம்ப்யூட்டரோடு கூடவே வந்தது. மற்ற இரண்டும் இலவசமாக இறக்கிப் போட்டவை.

"மூணு எதுக்கு தம்பி?"

"ஒண்ணு தூங்கினாலும் இன்னொண்ணு முழிச்சிகினு இருக்கும்ல? அதுவும் இப்பக் கடைசியா போட்டது செம ஸ்ட்ராங்கு. வீடியோல ஒருத்தன் பத்தையும் வச்சி டெஸ்ட் பண்ணி, இதான் பஸ்ட்டுன்னான். வியாழக்கிழமதான் போட்டேன். ஃப்ரீதானே அண்ணாத்தே, நம்ம கைக்காசா போவுது?"

அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிடாதீர்கள். வாசலில் ஒரு தடவை, உள்ளே ஒரு தடவை என்று வேலைக்குப் போகும்போதெல்லாம் சோதனை நடக்கிற தொழிற்சாலைகள் உள்ள ஊர் இது. காவல் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று இங்கே யாருக்கும் தோன்றும். நிலைமை அப்படியில்லை என்பதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். ஆன்ட்டிவைரஸ் என்பது கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கோப்பையும் திறந்து முகர்ந்து பார்க்கிற மென்பொருள். இரண்டைப் போட்டால், ஒன்று முகர்வதை இன்னொன்று சந்தேகப்படும். ஒன்றின் கையில் இருப்பதை மற்றது பிடுங்கும். கம்ப்யூட்டர் ஆமையாகும். அதைவிட மோசமானது, அறிவிப்புப் பெட்டிகள். மூன்றும் மாறி மாறி ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும். 'உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது', 'இத்தனை கோளாறுகள் கண்டோம்', 'பணம் கட்டிய பதிப்புக்கு மாறுங்கள்'. இலவசமாகக் கொடுப்பவனும் எங்காவது சம்பாதித்தாக வேண்டும் அல்லவா? பயமுறுத்தித்தான் விற்பான்.

நான் உட்கார்ந்த அரை மணி நேரத்தில் ஒன்பது பெட்டிகள் எழும்பின. ஒவ்வொன்றுக்கும் கலாவதியின் கை என் தோளுக்கு மேலே நீண்டு மவுஸை நோக்கி வந்தது.

"என்னம்மா செய்யறீங்க?"

"சரின்னு அழுத்தணும்லா சார்? இல்லைன்னா மறைக்கும். பின்னால இருக்கது தெரியாது. நான் படிக்கதெல்லாம் இல்ல. இது வந்துக்கிட்டேதான் இருக்கும்."

தமிழ் ஏன் வரவில்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை வந்த புதிய ஆன்ட்டிவைரஸ், கலாவதியின் தமிழ்த் தட்டச்சு மென்பொருளைப் பிடித்துத் தனிமைப்படுத்தி வைத்திருந்தது. சிவப்புப் பெட்டியில் காரணமும் போட்டிருந்தது: விசைகளை ஒட்டுக்கேட்கும் நிரல்.

இதை நீங்கள் உங்கள் வேலையில் பல தடவை பார்ப்பீர்கள். தமிழ்நாட்டில்தான் இது அதிகம், ஆகவே புரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரின் விசைப்பலகை ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டது. பழைய தட்டச்சு முறையில் தமிழ் அடிக்கிறவர்களுக்காக ஒரு மென்பொருள் நடுவில் உட்கார்ந்திருக்கும். நாம் அழுத்துகிற ஒவ்வொரு விசையையும் அது முதலில் பிடித்து, தமிழ் எழுத்தாக மாற்றி, அப்புறம்தான் உள்ளே விடும். நம் பாஸ்வேர்டைத் திருட வருகிற நிரலும் இதையேதான் செய்கிறது. ஒவ்வொரு விசையையும் பிடிக்கிறது; மாற்றாமல் எங்கோ அனுப்புகிறது. வெளியிலிருந்து பார்க்கிற ஆன்ட்டிவைரஸுக்கு இரண்டும் ஒரே வேலையைச் செய்கிறவர்கள். இந்தத் தமிழ் மென்பொருள்களில் பலவற்றை எழுதியவர்கள் சின்ன நிறுவனங்கள், தனி ஆட்கள். இப்போது புதுப்பிக்கிறவரும் இல்லை. அதனால் அறிமுகமில்லாத முகமாகவும் இருக்கும். பத்தில் ஒன்பது தடவை இது வீண் சந்தேகம். மென்பொருளை வெளியே எடுத்து 'அனுமதி' என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

டில்லிபாபுவும் அதைத்தான் சொன்னார். "அத்த வெளிய வுட்ரு அண்ணாத்தே. இல்லாங்காட்டி ஆன்ட்டிவைரஸ ஆஃப் பண்ணி வை. அக்கா பத்திரத்த அடிச்சி முட்ச்சிடட்டும், அப்பால ஆன் பண்ணிக்கலாம். இதுக்கு இன்னாத்துக்கு இம்மா நேரம்?"

கலாவதியும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திங்கள் காலை பதிவு அலுவலகத்தில் டோக்கன். கூடப் பிறந்த நாலு பேர் ஒரு வீட்டு மனையைப் பிரித்துக்கொள்ளும் பாகப்பிரிவினைப் பத்திரம். பல வருடம் பேசாமல் இருந்தவர்கள் இப்போதுதான் ஒத்துவந்திருக்கிறார்கள். அதற்காக ஒரு தங்கை வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கிறார். இதில் தவறினால் ஏகாம்பரம் அடுத்த வரைவை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்.

என் கை மவுஸில் இருந்தது. அம்பு 'அனுமதி' மேல்தான் நின்றது. பத்தில் ஒன்பது என்று சொன்னேன் அல்லவா? எனக்கு அந்த ஒன்று உறுத்தியது. கேட்டேன்.

"அம்மா, இந்தத் தமிழ் மென்பொருள் உங்களுக்கு எங்கேயிருந்து வந்தது?"

"ஏகாம்பரம் ஐயா குடுத்ததுதான். அவர்ட்ட சிடி இருக்கு. முதல்முதல்ல வேலை குடுக்கும்போது அவரு ஆளு வந்து போட்டுட்டுப் போனாரு."

"அப்போதிலிருந்து அதேதானா?"

அவர் டில்லிபாபுவைப் பார்த்தார். டில்லிபாபு கூரையைப் பார்த்தார்.

"போன மாசம் மெசின் ரொம்ப ஸ்லோ ஆயிச்சின்னு நான்தான் ஃபார்மட் பண்ணேன்" என்றார். "அப்ப அதுவும் பூட்ச்சி. சிடிக்கு அவர்கிட்ட போவ வேணாம்னு அக்கா சொல்ச்சி. நெட்ல தேடினேன், அதே பேரு, அதே படம். ஃப்ரீயாவே கெட்ச்சிது. போட்டேன். சோக்கா வேல செஞ்சிது அண்ணாத்தே, ஒரு மாசமா!"

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன். எழுந்து போய் இணைய இணைப்பைப் பிடுங்கினேன். முடிவெடுக்கத் தெரியாதபோது முதலில் செய்ய வேண்டியது அது. வெளியே போகும் கதவு மூடியிருந்தால் யோசிக்க நமக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

பிறகு சொன்னேன்: "இது நல்லதா கெட்டதா என்று என்னால் இப்போது சொல்ல முடியாது. அசல் சிடி வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அவரிடம் கேளுங்கள்."

கலாவதி நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். "அவர்ட்ட கேட்டா எதுக்குன்னு கேப்பாரு சார்."

"கேட்பார்."

"ஆரம்பத்துலயே சொன்னாரு. வீட்ல வச்சு அடிக்கது பத்திரமா இருக்குமாம்மா, சனங்களோட ஆதார் நம்பர், பான் நம்பர் எல்லாம் இதுல இருக்குன்னு. இருக்கும் ஐயான்னு நான்தான் சொன்னேன். எனக்கு முந்தி அடிச்ச பொண்ணு ஒரு பத்திரத்த பக்கத்து வீட்ல காட்டிட்டாங்கன்னு அன்னைக்கே நிறுத்திட்டாரு. இப்ப நான் போய், திருட்டு நிரல் வந்திருக்கலாம்னு சொல்லணுமா? வந்திருக்குன்னு தெரிஞ்சாகூடப் பரவாயில்ல. வந்திருக்கலாம்னு!"

"நீ சொல்லாதக்கா" என்றார் டில்லிபாபு. "மெசின ஃபார்மட் பண்ணதுல தமிழ் பூட்ச்சி, சிடி வேணும்னு கேளு. அவ்ளோதான்."

அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. எனக்கு வேண்டியது சிடி. எப்படிக் கேட்டாலும் சிடி வந்துவிடும். ஆனால் வந்தபின் நான் சோதிப்பேன். கெட்டது என்று தெரிந்தால், ஒரு மாதமாக அதில் அடித்த பத்திரங்களின் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு யார் சொல்வது? இதையெல்லாம் நான் சொல்லவில்லை. சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, நான் பேச மாட்டேன். உங்கள் வேலை, நீங்கள்தான் பேச வேண்டும். ஆனால் நல்லதா என்று தெரியாமல் இதை வெளியே விடவும் மாட்டேன். வேண்டாம் என்றால் சொல்லுங்கள், இப்படியே வைத்துவிட்டுக் கிளம்புகிறேன்."

உங்களிடம் இதை அழுத்திச் சொல்கிறேன். வீட்டுக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள், அவர்கள் கண் கலங்கினால் நமக்கும் மனம் இளகும். 'அனுமதி' பொத்தானை அழுத்துவது இரக்கம் போலத் தோன்றும். அழுத்துவது நாம், அதன் பலனை அனுபவிப்பது அவர்கள். இரண்டும் ஒன்றல்ல.

கலாவதி போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். குரல் கேட்டது. முதலில் சிடி என்றார். பிறகு, "இல்ல ஐயா, விஷயம் அது மட்டுமில்ல" என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னார். ஃபார்மட் செய்தது, இணையத்தில் எடுத்தது, ஒரு மாதம். டில்லிபாபு தலையில் கை வைத்துக்கொண்டார்.

கலாவதி வெளியே வந்து போனை மேசையில் வைத்தார். "வாரேன்னு சொல்லிட்டு வச்சிட்டாரு. வேற ஒண்ணும் சொல்லல."

ஏகாம்பரம் ஸ்கூட்டரில் வந்தார். அறுபதைத் தாண்டியவர். சட்டைப் பையில் மூன்று பேனா. படியேறி மூச்சு வாங்கிக்கொண்டே, கையில் இருந்த பிளாஸ்டிக் உறையை என்னிடம் நீட்டினார். கலாவதி பக்கம் திரும்பவில்லை.

"நீதான் மெக்கானிக்கா? பாரு. என்னா கீதுன்னு பாத்து சொல்லு."

பழைய கம்ப்யூட்டராக இருந்ததால் சிடி போடும் இடம் இருந்தது. போட்டேன். நிறுவிய அடுத்த நொடியே சிவப்புப் பெட்டி எழும்பியது. விசைகளை ஒட்டுக்கேட்கும் நிரல். அதே வாசகம், அதே சிவப்பு.

டில்லிபாபு துள்ளினார். "பாத்தியா! பாத்தியா! ஐயாவோட சிடியவே திருடன்றான்! எல்லாத்தியும் திருடன்றவன் சொல்றத எவன் கேப்பான்? ஒண்ணுமே இல்ல அக்கா, வுடு!"

கலாவதியின் உதட்டில் சிரிப்பு வரப் பார்த்தது. நானும் மூச்சை விட்டேன். அசலின் மேலேயே அதே சந்தேகம் என்றால், நகலின் மேல் வந்ததும் வீண் சந்தேகம்தான் என்று தோன்றியது. பழக்கம் விடவில்லை. எண்ணினேன்.

சிடியிலிருந்து நிறுவிய கோப்புறையில் ஒன்பது கோப்புகள். டில்லிபாபு இறக்கிப் போட்டதில், தனிமைப்படுத்தப்பட்டதையும் சேர்த்துப் பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்று. ஒன்பதும் இரண்டிலும் ஒன்றுபோல இருந்தன. பெயர் ஒன்று, அளவு ஒன்று. மிச்சம் இரண்டு. அவை சிடியில் இல்லை. கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாகவே எழுந்துகொள்ளும்படி அவை அமைந்திருந்தன. முன்பே போட்டிருந்த இன்னொரு இலவச ஆன்ட்டிவைரஸின் பழைய அறிவிப்புகளைப் புரட்டினேன். அந்த இரண்டு கோப்புகளில் ஒன்று, நிறுவிய அன்றே இணையத்துக்குப் போக அனுமதி கேட்டிருந்தது. பக்கத்தில் எழுதியிருந்தது: பயனர் அனுமதித்தார்.

எழுத்தை மாற்றித் தருகிற மென்பொருளுக்கு இணையத்தில் என்ன வேலை?

என் மடிக்கணினியை எடுத்து, ஒரே கோப்பைப் பல ஆன்ட்டிவைரஸ்களிடம் காட்டிக் கேட்கும் இணையப் பக்கத்தில், தமிழ் மென்பொருளின் முக்கியக் கோப்பையும் அந்த இரண்டையும் காட்டினேன். தமிழ்க் கோப்பைப் பெரும்பாலானவை நல்லது என்றன. அந்த இரண்டையும் பெரும்பாலானவை திருடன் என்றன.

கவனியுங்கள். டில்லிபாபு கொண்டாடிய, மூன்றிலும் பலசாலியான ஆன்ட்டிவைரஸ், குற்றமில்லாத மென்பொருளைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டது. அதே கோப்புறையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த இரண்டு திருடர்களையும் விட்டுவிட்டது. அது சொன்ன காரணம் தவறு. ஆனால் அது சத்தம் போட்டிருக்காவிட்டால் அந்தப் பக்கம் நான் திரும்பியே இருக்க மாட்டேன். அதற்கப்புறம் எந்தச் சிவப்புப் பெட்டியைக் கண்டாலும் நான் நினைத்துக்கொள்வது இதுதான்: அது தீர்ப்பு இல்லை, நம்மைக் கூப்பிடுகிற சத்தம். நம்பவும் வேண்டாம், அடக்கவும் வேண்டாம். எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.

பார்த்ததைச் சொன்னேன். ஏகாம்பரம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அப்ப என் பார்ட்டிங்க வெவரம்லாம் வெளிய பூட்ச்சா?"

"போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது."

"தெர்லன்னு சொல்றதுக்கா உன்ன கூப்டாங்க?"

"தெரிந்ததைத்தான் சொல்ல முடியும் ஐயா."

டில்லிபாபு முன்னால் வந்தார். அவ்வளவு நேரமும் இருந்த துள்ளல் போய்விட்டது. "ஐயா, தப்பு என்னோட்து. நான்தான் நெட்ல எட்த்து போட்டேன். அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க."

"உன்ன நான் கேக்கல" என்றார் ஏகாம்பரம். பிறகு முதல் தடவையாகக் கலாவதியைப் பார்த்தார். "இந்த ஒரு மாசத்துல யார் யார் பத்திரம் அட்ச்ச? சொல்லு."

கலாவதி நின்றபடியே ஒவ்வொரு பெயராகச் சொன்னார். தண்டுரை மனை, நெமிலிச்சேரி வீடு, திருநின்றவூர் ஏரிப் பக்கத்து நிலம். ஆறு பத்திரம். இந்தப் பாகப்பிரிவினையில் இன்னும் ஒரு வரியும் அடிக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு, கையில் வைத்திருந்த வரைவை மடித்து அவரிடம் நீட்டினார். "வேற யாருக்காவது குடுக்கணும்னா நாழியாவுது ஐயா. கொண்டு போங்க."

அவர் வாங்கவில்லை. என்னிடம் திரும்பினார். "நீ இன்னா பண்ணுவியோ பண்ணு. எம்மா நேரம் ஆவும்?"

நான் வேலையைத் தொடங்கினேன். அந்த இரண்டையும் நீக்கினேன். டில்லிபாபு இறக்கியதை முழுக்க எடுத்தேன். பிறகு இலவச ஆன்ட்டிவைரஸ் இரண்டையும் எடுக்கப் போனேன். டில்லிபாபுவுக்கு மனசு கேட்கவில்லை.

"அந்த ஸ்ட்ராங்க மட்டுமாவது வுடு அண்ணாத்தே. அதான சத்தம் போட்டுது?"

"தம்பி, இதன் விதிமுறையைப் படித்தீர்களா? வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான் இலவசம் என்று போட்டிருக்கிறான். தொழிலுக்குப் பயன்படுத்தினால் பணம் கட்ட வேண்டும்."

"கம்ப்யூட்டரு ஊட்லதான கீது? அப்ப ஊட்டு யூஸுதானே?"

"அவர்கள் அடிப்பது ஊருக்கெல்லாம் பத்திரம். அது தொழில்."

இதையும் மறக்காதீர்கள். வீட்டில் இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டரும் வீட்டுக் கம்ப்யூட்டர் இல்லை. நம் பகுதியில் டியூஷன் எடுப்பவர், கணக்கு எழுதுபவர், தையல் டிசைன் போடுபவர் என்று பாதி வீடுகளில் அது பிழைப்புக்கான கருவி. எந்த ஆன்ட்டிவைரஸ் என்று கேட்கிறவரிடம், இதில் என்ன செய்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். படம் பார்ப்பதும் பாட்டுக் கேட்பதும்தான் என்றால் ஒரு பதில். அடுத்தவர் விவரங்கள் இருக்கின்றன என்றால் வேறு பதில். காசு கொடுத்து வாங்கச் சொல்வதுகூட அந்தப் பதிலில் உண்டு. யார் எது சொன்னாலும் ஒரு கம்ப்யூட்டரில் ஒன்றுதான். பெட்டி குறைவாகக் காட்டுவதைத் தேர்ந்தெடுங்கள். நாள் முழுக்கக் கத்துகிற ஒன்று, மனிதரைப் படிக்காமலே சரி என்று அழுத்தப் பழக்கிவிடும்.

கலாவதிக்கு நான் கம்ப்யூட்டரோடு வந்ததையே விட்டேன். அதற்கு விலையும் இல்லை, அந்த விதிமுறைச் சிக்கலும் இல்லை, வாய் ஓயாமல் பேசவும் செய்யாது. இணைய இணைப்பைத் திரும்பக் கொடுத்து, அதைப் புதுப்பித்து முழுச் சோதனை ஓட்டினேன். சிடியிலிருந்து வந்த தமிழ் மென்பொருளை மட்டும் அனுமதித்தேன். வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டு, மெயிலின் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் என் மடிக்கணினியில் உட்காரவைத்து மாற்றச் சொன்னேன். அவ்வளவையும் கலாவதி செய்து முடித்தார். வேலை போய்விட்டது என்றே அவர் முடிவு செய்திருந்தார் என்பது அவர் விரல்களில் தெரிந்தது. ஹையர் தேறியவர், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்.

சோதனை ஓடிக்கொண்டிருந்தபோது ஏகாம்பரம் எழுந்து ஜன்னல் பக்கம் போய்ப் போனைக் காதில் வைத்தார்.

"அலோ, தண்டுரை மனைக்காரரா? ஏகாம்பரம் பேசறேன். ஆமா, பத்திரம்தான். அதெல்லாம் நல்லா கீது. வேற விசியம். என் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பூச்சி பூந்துகீது. உன் ஆதார் நம்பரு, பான் நம்பரு அதுல இருந்துது. பூட்ச்சா, இல்லியான்னு தெர்ல. பேங்க்லேர்ந்து பேசறேன்னு எவனாவது போன் பண்ணா நம்பாத. நம்பர் எத்தயும் சொல்லாத. திட்டணும்னா என்ன திட்டு."

எதிர்முனையில் இருந்தவர் திட்டினார் போலிருக்கிறது. ஏகாம்பரம் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு அடுத்த எண்ணை அழுத்தினார். "அலோ, நெமிலிச்சேரிங்களா? ஏகாம்பரம். என் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல…"

அவருக்குத் திருநின்றவூரில் இருந்தது ஒரு மேசை, ஒரு பெஞ்சு, ஒரு மின்விசிறி. இது பட்டாபிராமில், மாடியில், கலாவதியின் கணவர் தவணையில் வாங்கிய கம்ப்யூட்டர்.

'என் ஆபீஸ் கம்ப்யூட்டர்' என்பதை முதல் தடவை கேட்டபோது கலாவதி தலை நிமிர்ந்தார். இரண்டாம் தடவை கேட்டபோது எழுந்தார். சோதனை முடிந்துவிட்டதா என்று என்னிடம் கையாலேயே கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். மடித்து வைத்திருந்த வரைவைப் பிரித்து, விசைப்பலகைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏகாம்பரம் மூன்றாவது ஆளிடம் பேசிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். போனைக் கையால் மூடினார்.

"மூணாவது வரியில அந்தத் தங்கச்சி பேர்ல இனிஷியல் வுட்டுப்போச்சி. சேத்துக்கோ. பத்தரைக்கு டோக்கன்" என்று சொல்லிவிட்டு மறுபடி போனுக்குத் திரும்பினார்.

தமிழ் விழத் தொடங்கியது. நான் பையை மூடினேன்.